கடற்கரைக்குப் போனாலும் அடுப்படிதானா?

பாடசாலை விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். "உம்மா, இந்த முறை எங்கே போகிறோம்?" பிள்ளைகள் கேட்பார்கள். வாப்பா யோசிப்பார். கடைசியில் யாரோ ஒருவர் "திருகோணமலைக்குப் போவோம், கடலில் குளிப்போம்" என்பார். உடனே வீடே கலகலக்கும். அந்தச் சந்தோஷத்தின் நடுவே உங்கள் மனதில் மட்டும் ஒரு கணக்கு ஓடுமே, கவனித்திருக்கிறீர்களா? எத்தனை பேருக்குச் சோறு? எத்தனை கிலோ அரிசி? எத்தனை துவாய்? யாருக்கு என்ன மருந்து?

நாங்களும் இப்படித்தான் போனோம். அக்குறணையிலிருந்து ஒரு வானில் பதினொரு பேர். திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய லிங்கநகரில் ஒரு வாடகை வீடு. நான்கு இரவுகள். மூன்றாம் நாள் மாலை நிலாவெளிக் கடற்கரையில் ஈர உடுப்புகளைப் பிழிந்து கொண்டிருந்தபோது என் இளைய மகள் கேட்டாள்: "உம்மா, நீங்க கடல்ல கால் வைக்கவே இல்லையே, ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். விடிந்தால் இடியப்பமும் சம்பலும், பகலுக்குச் சோறும் மீனாணமும், பின்னேரம் தேநீர், இரவுக்கு ரொட்டி. கடற்கரைக்குப் போன நேரமெல்லாம் பைகளுக்குக் காவல். எங்கள் மாமியும் அப்படித்தான், முழங்கால் வலியோடு வானுக்குள்ளேயே இருந்துவிட்டார். மற்றவர்களுக்கு விடுமுறை. எங்கள் இருவருக்கும் இடமாற்றம், அவ்வளவுதான்.

கார்டிஃபிலிருந்து வந்த பாடம்

அதே ஆண்டு இறுதியில் பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில், கார்டிஃப் நகரில் வசிக்கும் என் சாச்சியின் மகள் ஊருக்கு வந்திருந்தாள். என் குறையைச் சொன்னதும் சிரித்துவிட்டாள். "ராத்தா, நான் வேல்ஸ் கடற்கரையிலும் இதைத்தான் செய்தேன்" என்றாள்.

அங்கே கடலோரத்தில் 'கேரவன் பார்க்' என்று இருக்கிறதாம். சின்னத் தகர வீடுகள் போன்ற கேரவன்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி அடுப்பு, குட்டிக் குளியலறை, இரவில் கட்டிலாக மாறும் இருக்கை. ஹோட்டலை விடச் செலவு குறைவு, நம் சமையலை நாமே செய்யலாம் என்பதால் குடும்பங்கள் விரும்பிப் போகின்றன. இதற்கு ஒரு வரலாறும் உண்டு. சம்பளத்துடன் விடுமுறை வழங்கும் சட்டம் பிரித்தானியாவில் 1938இல் வந்தது. தெற்கு வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலுமாக இரண்டு வாரம், சுரங்கங்கள் மூடியிருக்கும் நாட்களில், போர்த்கால் போன்ற கடலோர ஊர்களுக்குத் திரண்டு போவார்களாம். கடற்கரை விடுமுறை உழைப்பாளி வீடுகள் பலவற்றுக்கும் கிடைத்தது இப்படித்தான்.

"ஆனால் முதல் வருஷம் அந்தக் குட்டி அடுப்பில் பன்னிரண்டு பேருக்குப் பிரியாணி ஆக்கினேன். கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்த்தேன்" என்றாள் அவள். "அடுத்த வருஷம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதினோம். யார் சமைப்பது, யார் கழுவுவது, யார் பிள்ளைகளைப் பார்ப்பது. அதற்குப் பிறகுதான் எனக்கும் விடுமுறை கிடைத்தது."

பாருங்கள் சகோதரிகளே! வேல்ஸானாலும் லிங்கநகரானாலும் கதை ஒன்றுதான். சமையலறை உள்ள இடத்தில் தங்கினால் பணம் மிஞ்சும். ஆனால் திட்டம் போடாவிட்டால் அந்தப் பணத்தை மிச்சம் பிடிப்பது உங்கள் முதுகு! அடுத்த முறை நாங்கள் தாளும் பேனாவும் எடுத்தோம். அந்தத் திட்டத்தை உங்களுக்கும் சொல்கிறேன்.

எப்போது போவது?

முதலில் காற்றைக் கேளுங்கள். கிழக்குக் கரையில் ஏறத்தாழ அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை வாடைக் காற்றும் மழையும். கடல் கொந்தளிக்கும், குளிக்க ஏற்றதல்ல. ஆகவே டிசம்பர் விடுமுறையில் கொழும்பு, காலிப் பக்கம் போகலாம், திருகோணமலை வேண்டாம். மே முதல் செப்டம்பர் வரை அங்கே கடல் பொதுவாக அமைதி. ஆகஸ்ட் விடுமுறை பொருத்தமானது. ஆனால் அப்போது கூட்டமும் அதிகம், வாடகையும் அதிகம். வீட்டை இரண்டு மாதம் முன்னதாகவே பேசி வையுங்கள்.

இன்னொன்று. தேதி குறிக்கும்போது பெண்கள் தங்கள் மாத நாட்களையும் கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக் கொண்டிருந்து, பிறகு கரையில் உட்கார்ந்திருப்பது யார்? நாம்தானே!

எப்படிப் போவது, எங்கே தங்குவது?

கொழும்பிலிருந்து திருகோணமலை ஏறத்தாழ 260 கிலோமீற்றர். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாகப் பாதை. மலைநாட்டிலிருந்து வருவோர் மாத்தளை வழியாக வந்து தம்புள்ளையில் சேரலாம். கோச்சியில் வருவதானால் மாஹோ, கல்ஓயாச் சந்தி வழியாக வரவேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில் ஓடுகிறது என்பதைப் பயணத்துக்கு முன் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். வானில் வருவோர் பஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டுப் பகலிலேயே வந்து சேருங்கள். ஹபரணைக்கு அப்பால் இரவில் யானைகள் பாதையைக் கடக்கும்.

தங்குவதற்கு இரண்டு வழி உண்டு. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் ஹோட்டல் அறைகள் எடுக்கலாம். வாசலில் கடல் இருக்கும், ஆனால் பெரிய குடும்பத்துக்கு இரண்டு மூன்று அறைகள் வேண்டும், மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. மற்றது, லிங்கநகர் போன்ற நகரப் பகுதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுப்பது. கடல் குளிக்க ஒவ்வொரு நாளும் வாகனத்தில் போக வேண்டும். உப்புவெளி ஐந்தாறு கிலோமீற்றர், நிலாவெளி ஏறத்தாழ 15 கிலோமீற்றர். ஆனால் சந்தை, வைத்தியசாலை, மருந்துக் கடை, பள்ளிவாசல் எல்லாம் நகரத்துக்குள் இருக்கின்றன. கதவைச் சாத்தினால் பெண்களுக்குத் தனிமை. நாங்கள் இரண்டாம் முறையும் லிங்கநகரையே தேர்ந்தது அதனால்தான்.

வீட்டுக்காரரிடம் இவற்றைக் கேட்க மறவாதீர்கள்: தண்ணீர் தொட்டி எத்தனை பேருக்குக் காணும்? கேஸ் யாருடையது? மின்விசிறி எத்தனை? குளியலறை எத்தனை? அக்கம் பக்கத்தில் இருப்போர் பெரும்பாலும் தமிழ்ச் சகோதரர்கள். இரவில் சத்தம் போடாமல், குப்பையை ஒழுங்காகக் கட்டி வைத்து, போகும்போது சொல்லிவிட்டுப் போனால் அடுத்த முறையும் நம்மை வரவேற்பார்கள். நாங்கள் கொண்டு போன சீனிச் சம்பலில் ஒரு போத்தல் பக்கத்து வீட்டுக்குப் போனது. மறுநாள் அங்கிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது!

ஐந்து உறைகள்

பணத்துக்கு நாங்கள் செய்தது இதுதான். மகளிர் சீட்டில் சேர்ந்து ஆறு மாதம் சேமித்தோம். சீட்டு விழுந்ததும் ஐந்து உறைகளில் பிரித்தோம். ஒன்று வாகனம், இரண்டு வீட்டு வாடகை, மூன்று சாப்பாடு, நான்கு படகும் நுழைவுச்சீட்டும், ஐந்து அவசரத்துக்கு. ஐந்தாவது உறையைக் குடும்பத்தில் மிகவும் சிக்கனமானவரிடம் கொடுங்கள். ஒரு உறை தீர்ந்தால் மற்றதிலிருந்து எடுக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கடன் வாங்கிப் போகும் விடுமுறை, திரும்பி வந்ததும் தலைவலியாகிவிடும்.

அடுப்படிப் பங்கீடு

இதுதான் முக்கியம், கவனமாகக் கேளுங்கள். புறப்பட ஒரு வாரம் முன்பு எல்லோரையும் உட்கார வைத்து ஒரு தாளில் எழுதினோம். என் கணவர் முதலில் சிரித்தார். பிறகு அவரே பேனாவை வாங்கி எழுதினார்.

காலைச் சாப்பாடு கடையில். பாணோ இடியப்பமோ வாங்கி வருவது ஆண் பிள்ளைகளின் வேலை. தேநீர் மட்டும் வீட்டில். பகலுக்குக் கனமாக எதுவும் வேண்டாம். பாண், அவித்த முட்டை, வாழைப்பழம், தண்ணீர். இரவுச் சமையல் ஒரே ஒரு வேளை, அதுவும் முறை வைத்து. முதல் இரவு வீட்டிலிருந்து கொண்டு போன பொரித்த இறைச்சியும் மாசிச் சம்பலும். இரண்டாம் இரவு என் கணவரும் நானாவும் சமைத்தார்கள். சந்தையில் பாரை மீன் வாங்கிப் பொரித்தார்கள். உப்பு கொஞ்சம் கூடித்தான் போயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை! மூன்றாம் இரவு கொத்து ரொட்டி வாங்கினோம். நான்காம் இரவு பெண்கள். பாத்திரம் கழுவுவது எப்போதும் சமைக்காதவர்களின் பொறுப்பு.

கறித்தூள், உப்பு, தேயிலை, சீனி ஆகியவற்றைச் சின்னப் போத்தல்களில் வீட்டிலிருந்தே கொண்டு போகலாம். ஆனால் தேங்காய்ப் பால் விட்ட கறியைப் பயணத்தில் எடுத்துப் போகாதீர்கள். அந்த வெப்பத்தில் சீக்கிரம் பழுதாகிவிடும். வயிற்றோட்டத்துக்கு ஜீவனிப் பைக்கற்றுகள் சில கைவசம் இருக்கட்டும்.

தொழுகையும் உடையும்

நாங்கள் சனிக்கிழமை போய் புதன்கிழமை திரும்பினோம். ஷாஃபி மத்ஹபில், போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தால் அங்கே சுருக்கித் தொழும் சலுகை இல்லை. அதற்குக் குறைவாகத் தங்கும் பயணிக்கு ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கவும், ளுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்த்துத் தொழவும் இடமுண்டு. உங்கள் ஊரிலிருந்து அந்தத் தூரம் வருகிறதா என்பதை ஊர் ஆலிமிடம் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள். நிலாவெளிப் பாதையில் இக்பால் நகர் போன்ற முஸ்லிம் ஊர்கள் இருக்கின்றன. பெண்களுக்குத் தொழ இடமுள்ள பள்ளிவாசல் எது என்று விசாரித்து வையுங்கள். ஒரு முஸல்லாவும் ஒரு போத்தல் தண்ணீரும் வானில் இருந்தால் எங்கேயும் தடையில்லை. கடல் நீரிலும் வுளூச் செய்யலாம் என்பது நீங்கள் அறிந்ததே.

அடுத்து உடை. இதை வெட்கத்தோடு அல்ல, உயிர் சம்பந்தப்பட்ட விடயமாகப் பேச வேண்டும். நீண்ட அபாயாவுடன் இடுப்பளவு நீரில் இறங்காதீர்கள். நனைந்த துணி பாரமாகிக் காலைச் சுற்றும், அலை அடித்தால் எழும்ப முடியாது. முழங்காலுக்குக் கீழே வரும் தளர்வான மேற்சட்டை, கணுக்கால் வரை காற்சட்டை, கழுத்தோடு செருகிய சிறிய முக்காடு போதும். ஒளி ஊடுருவாத கருநிறத் துணியாக இருக்கட்டும். பஜ்ர் தொழுதவுடன் போனால் காலை எட்டு மணி வரை கடற்கரையில் சனம் குறைவு. கிழக்குக் கரையல்லவா, சூரியன் கடலிலிருந்தே எழும்பும். அந்தக் காட்சியைப் பார்க்க ஒரு நாளாவது தூக்கத்தைத் தியாகம் செய்யுங்கள்.

கடலோடு விளையாட்டு வேண்டாம்

ஆகஸ்டில் கிழக்கில் அடிப்பது கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் கரையோரம் அமைதியாகத் தெரிகிறது. ஆனால் காற்றடைத்த வளையத்தையும் பந்தையும் அதே காற்று கடலுக்குள் இழுத்துக் கொண்டு போகும். பிள்ளை வளையத்தில் மிதந்தால் பெரியவர் ஒருவரின் கை வளையத்தில் இருக்க வேண்டும். பந்து போனால் போகட்டும், துரத்த விடாதீர்கள்.

நீரில் மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை. சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எல்லோரும் நினைத்து, ஒருவருமே பார்க்காத நிலை வரக் கூடாது. அரை மணிக்கு ஒருவர் காவல். அவர் கையில் தொலைபேசி இருக்கக் கூடாது. நீரோட்டம் வெளியே இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து விலகிப் பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும் என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

படகில் ஏறினால் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி. இல்லையென்றால் ஏறாதீர்கள். 2021 நவம்பர் 23ஆம் தேதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதப்புப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் உயிரிழந்ததை நாம் மறக்க முடியுமா? அந்தத் தாய்மாரின் கண்ணீர் நமக்கு எச்சரிக்கை. படகோட்டி முகம் சுளித்தாலும் பரவாயில்லை, அங்கியை எண்ணிப் பார்த்த பிறகே பிள்ளையை ஏற்றுங்கள்.

எங்கெங்கே போகலாம்?

நான்கு நாளில் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க ஆசைப்படாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சீனக்குடாவில் விமானப்படையினர் நடத்தும் மார்பிள் பீச் நல்லது. குடாவுக்குள் இருப்பதால் அலை குறைவு. நீந்தத் தெரிந்தவர்களுக்கு நிலாவெளிக்கு எதிரே சுமார் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலை என்ற புறாத்தீவு இருக்கிறது. 2003இல் தேசியப் பூங்காவான அங்கே பவளப் பாறைகளும் வண்ண மீன்களும் உண்டு. படகுக் கூலியோடு வனசீவராசிகள் திணைக்கள நுழைவுச்சீட்டுக்கும் பணம் வேண்டும். பவளத்தில் கால் வைக்காதீர்கள். அது உயிருள்ளது, காலையும் கிழிக்கும். ரப்பர் செருப்பு போட்டுக் கொள்ளுங்கள்.

வயதானவர்களுக்குக் கன்னியா வெந்நீர்க் கிணறுகள். நகரிலிருந்து சுமார் எட்டுக் கிலோமீற்றர். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. மாலையில் பிரெட்ரிக் கோட்டைக்குள் நடக்கலாம். போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி, ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கை மாறிய கோட்டை அது. உள்ளே மான்கள் சுற்றித் திரியும். சாப்பாட்டுப் பொலித்தீனை அங்கே வீசாதீர்கள். மான்கள் அதைத் தின்றுவிடும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் இந்தத் துறைமுகத்தின் மீதுதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்தது கண் முன்னே விரியும்.

ஒரு பகல் கிண்ணியாப் பக்கம் போய் வாருங்கள். முன்பு இயந்திரப் பாதையில் கடந்த அந்த நீரின் மேல் 2009 அக்டோபரில் பாலம் திறக்கப்பட்டது. போர் நடந்த காலத்தில் இந்தப் பக்கம் உல்லாசமாக வருவதை நம் உம்மாமார் நினைத்தும் பார்க்கவில்லை. சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறியே பாதி நாள் போய்விடும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்த பிறகு கடல் என்றாலே முகம் திருப்பிக் கொண்டவர்களும் உண்டு. இன்று அமைதியாக ஒரு வானில் ஏறி வருகிறோம் என்றால், அல்ஹம்துலில்லாஹ், அது சின்ன விடயமல்ல.

கடைசி நாள் காலை

புதன்கிழமை பஜ்ருக்குப் பிறகு உப்புவெளிக்குப் போனோம். பைகளுக்குக் காவலாக என் மூத்த மகன். அது தாளில் எழுதிய முறைப்படி அவனுடைய நேரம். என் கணவர் வானிலிருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக் கொண்டு போய் அலை வந்து திரும்பும் இடத்தில் வைத்தார். மாமியை இருபுறமும் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தோம். நுரை வந்து அவருடைய பாதத்தை நனைத்தது. "அல்லாஹ்வே!" என்று சேலையைத் தூக்கினார். அடுத்த அலைக்குத் தூக்கவில்லை. எழுபது வயதில் முதன்முறையாகக் கடலில் கால் வைத்த அவர், திரும்பிப் போகலாமா என்று கேட்டபோது, "இன்னும் கொஞ்சம் இருப்போமே, அடுப்பில் ஒன்றும் இல்லைதானே?" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில் முழங்காலளவு நீரில் நின்றேன். என் இளைய மகள் என் கையைப் பிடித்திருந்தாள். இந்த முறை அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

சகோதரிகளே! அடுத்த விடுமுறைக்கு அரிசி அளப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். எல்லோருடைய பெயரையும் எழுதி, எதிரே அவரவர் வேலையை எழுதுங்கள். உங்கள் பெயருக்கு எதிரே ஓய்வு என்றும் ஓர் இடம் விடுங்கள். உங்கள் வீட்டு மூத்தவருக்கு ஒரு கதிரையையும் மறக்காமல் ஏற்றுங்கள். இன்ஷா அல்லாஹ், நீங்களும் கடலைக் கண்டு வருவீர்கள்.